சூளைத் தட்டும் வங்கித் தேர்வும்: புதிர்க் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்



நம் குழுக்களில் பட்டம் படித்த மகள்களும் மருமகள்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்து, பட்டத்தை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு வீட்டில் இருக்கிறவர்கள் உண்டு. குழுவின் உறுப்பினர்களிலேயே பட்டதாரிகள் உண்டு. வங்கித் தேர்வு எழுதலாமே என்றால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "அதுல ரீசனிங்னு ஒண்ணு இருக்காம், அது டவுன் பிள்ளைங்களுக்குத்தான் வருமாம்." அந்த ரீசனிங் என்ன என்று இந்த இதழில் பிரித்துப் பார்த்துவிடலாம். நாங்கள் பார்த்தவரையில் அது மூளை சம்பந்தப்பட்டதைவிட, தாளில் ஒழுங்காக எழுதிவைக்கும் பழக்கம் சம்பந்தப்பட்டது. தீர்மான நோட்டும் கடன் லெட்ஜரும் எழுதுகிற நமக்கு அந்தப் பழக்கம் புதுசு இல்லை.

முதலில் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்க ஐ.பி.பி.எஸ். என்ற நிறுவனம் 2011 முதல் பொதுத் தேர்வு நடத்துகிறது. ஸ்டேட் வங்கி மட்டும் தனியாக நடத்தும். நம் பக்கத்துக் கிராம வங்கிக்கும் ஐ.பி.பி.எஸ். தேர்வுதான். முன்பு நம் மாவட்டத்தில் வள்ளலார் கிராம வங்கி என்று இருந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது 2006இல் பல்லவன் கிராம வங்கியில் சேர்ந்தது. பல்லவனும் பாண்டியனும் 2019 ஏப்ரலில் ஒன்றாகித் தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. இதன் அலுவலக உதவியாளர் வேலைக்கு ஏதாவது ஒரு பட்டமும், தமிழ் தெரிந்திருப்பதும் வேண்டும். நேர்முகத் தேர்வு கிடையாது. முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலப் பகுதியும் கிடையாது. ரீசனிங் 40 கேள்வி, எண் கணக்கு 40 கேள்வி, 45 நிமிஷம், அவ்வளவுதான். ஆங்கிலமோ இந்தியோ ஏதாவது ஒன்று அடுத்த கட்டமான முதன்மைத் தேர்வில்தான் வரும். மற்ற அரசு வங்கிகளின் கிளார்க் தேர்வில் முதல்நிலையிலேயே ஆங்கிலம் 30 கேள்வி உண்டு. அதோடு கணக்கு 35, ரீசனிங் 35, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிஷம். இந்த கிளார்க் வேலைக்கு 2025 அறிவிப்பில் கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயரைப் பார்த்து வேறு வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம் மொழி. முன்பெல்லாம் ஆங்கிலம் அல்லது இந்தியில்தான் கேள்வி. புதிரை அவிழ்க்கத் தெரிந்தவர்கூடக் கேள்வி புரியாமல் தோற்றார்கள். 2019இல் கிராம வங்கித் தேர்விலும், 2021 செப்டம்பரில் எடுத்த முடிவுப்படி கிளார்க் தேர்விலும் தமிழ் உள்பட 13 மாநில மொழிகளில் கேள்வி தர ஏற்பாடு ஆனது. ஆகவே தமிழ் வழியில் படித்த பெண்ணுக்கு இப்போது ரீசனிங்தான் மதிப்பெண் அள்ளக்கூடிய இடம். இதற்குப் பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சரி, புதிருக்கு வருவோம். நம்ம ஊர் பீங்கான் ஊர். தொழிற்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சூளை தெரியும். ஒரு சூளையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து தட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். அடித்தட்டு 1, மேல்தட்டு 5. ஒவ்வொரு தட்டிலும் ஒரே வகைச் சாமான். அகல்விளக்கு, டீ கப், ஊறுகாய் ஜாடி, பொம்மை, ஃப்யூஸ் கட்டை ஆகிய ஐந்தும் இருக்கின்றன. கேள்வித்தாள் இப்படிச் சொல்லும்:

கப்புக்கும் ஜாடிக்கும் நடுவில் சரியாக இரண்டு தட்டுகள் உள்ளன. ஜாடி, கப்புக்குக் கீழே உள்ளது. அகல்விளக்குக்கு நேர் கீழ்த் தட்டில் ஜாடி உள்ளது. பொம்மை நடுத் தட்டில் உள்ளது. மேல்தட்டில் இருப்பது எது?

முதல் வரியிலிருந்து போட ஆரம்பித்தால் குழப்பம்தான். கேள்வி எழுதுகிறவர் வேண்டுமென்றே கலைத்துப் போட்டிருக்கிறார். நாம் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டு, இடத்தை ஆணியடித்த மாதிரிச் சொல்லும் வரி எது என்று தேடணும். இங்கே அது கடைசி வரி. பொம்மை 3ஆம் தட்டு. தாளில் 1 முதல் 5 வரை கீழிருந்து மேலாக எழுதி, 3க்கு எதிரே பொம்மை என்று போட்டுவிடுங்கள்.

அடுத்து கப்பும் ஜாடியும். நடுவில் இரண்டு தட்டு விட்டு, ஜாடி கீழே இருக்கணும் என்றால் இரண்டே வழிதான். ஜாடி 1, கப் 4. இல்லாவிட்டால் ஜாடி 2, கப் 5. இந்த இடத்தில்தான் பலர் மனசுக்குள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. பக்கத்தில் இன்னொரு ஏணி வரைந்து இரண்டையும் எழுதணும். இப்போது அகல்விளக்கு வரியைப் பாருங்கள். ஜாடிக்கு நேர் மேலே அகல். ஜாடி 2 என்றால் அகல் 3இல் வரணும், அங்கே பொம்மை உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இரண்டாவது ஏணியை அடித்துவிடலாம். ஜாடி 1, அகல் 2, பொம்மை 3, கப் 4. மிச்சம் இருப்பது 5, மிச்சம் இருப்பது ஃப்யூஸ் கட்டை. கேள்வியின் எந்தக் குறிப்பிலும் பேரே வராத சாமான்தான் விடை. இப்படிக் கேட்பது அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சூளை வேலை தெரிந்தவர்கள் "ஜாடியை இப்படியா அடுக்குவாங்க, ஃப்யூஸ் கட்டை மேல போகுமா" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் தேர்வில் கேட்கக் கூடாது. தாளில் என்ன சொல்லியிருக்கிறதோ அது மட்டும்தான் அந்தக் கேள்விக்கு உண்மை. அனுபவசாலிகள் தவறுவது பெரும்பாலும் இதில்தான்.

உட்காரும் வரிசைக் கணக்கு இதன் தங்கை. குழுக் கூட்டத்தில் ஆறு பேர் வட்டமாக, நடுவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். செல்வி, மலர், அஞ்சலை, கோமதி, தனம், ராணி. செல்விக்கு நேர் எதிரே தனம். செல்விக்கு வலப்பக்கம் இரண்டாவதாக மலர். ராணி, தனத்துக்குப் பக்கத்தில். கோமதி, மலருக்குப் பக்கத்தில் இல்லை. ராணிக்கும் செல்விக்கும் நடுவில் யார்?

கோலம் போடுகிற மாதிரி வட்டமாக ஆறு புள்ளி வையுங்கள். வட்டத்தில் எல்லோரும் தடுமாறுவது இடது வலதில். இதற்கு ஒரு வழி இருக்கிறது. கோயிலில் பிரதட்சணம் வருகிறோம். அப்படியே நின்று சன்னதியைப் பார்த்துத் திரும்பினால், நாம் போய்க்கொண்டிருந்த திசை நமக்கு இடது கைப் பக்கம் இருக்கும். ஆகவே நடுவைப் பார்த்து உட்கார்ந்தவருக்கு இடப்பக்கம் என்றால் பிரதட்சணத் திசை, வலப்பக்கம் என்றால் அதற்கு எதிர்த் திசை. பழமலைநாதர் கோயிலைச் சுற்றிய கால்களுக்கு இது மறக்காது. வெளியே பார்த்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னால் இது அப்படியே தலைகீழாகும். கேள்வியில் அந்த ஒரு சொல்லைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளணும்.

செல்வியை ஒரு புள்ளியில் வையுங்கள், எதிர்ப் புள்ளியில் தனம். செல்விக்கு வலப்பக்கம் ஒரு புள்ளி விட்டு மலர். அப்படியானால் மலர் தனத்துக்கு ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டார். ராணிக்குத் தனத்தின் மறுபக்கம்தான் இடம். மிச்சம் இரண்டு புள்ளி. ஒன்று செல்விக்கும் மலருக்கும் நடுவில், இன்னொன்று ராணிக்கும் செல்விக்கும் நடுவில். கோமதிக்கு மலர் பக்கத்தில் இடம் இல்லை என்று கடைசி வரி சொல்லிவிட்டது. ஆகவே விடை கோமதி. மலர் பக்கத்தில் அஞ்சலை. "இல்லை" என்று முடிகிற குறிப்பைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். அதையே முதலில் எடுத்தால் ஒன்றும் நகராது.

தேர்வில் ஆறு பேர் எட்டுப் பேராகும், ஒவ்வொருவருக்கும் ஒரு ஊரோ நிறமோ சேரும். வழி ஒன்றுதான். ஆனால் அந்த எட்டுப் பேர் கணக்கு நேரத்தைத் தின்னும். 20 நிமிஷத்தில் 35 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு 34 விநாடிதான். அதனால் ஒற்றைக் கேள்விகளை முதலில் முடித்துவிட்டு, பெரிய புதிருக்குப் பிறகு வரணும். ஐந்து நிமிஷம் போராடியும் அவிழவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகத் தெரிவதும் ஒரு படிப்புதான். விடை தெரியாமல் குத்துமதிப்பாகக் குறிக்கவும் கூடாது. தப்பான விடை ஒன்றுக்குக் கால் மதிப்பெண் பிடிப்பார்கள்.

அந்த ஒற்றைக் கேள்விகளில் நமக்கு வாகானது உறவுமுறை. கல்யாண வீட்டில் யார் யாருக்கு என்ன முறை, யார் சீர் வைக்கணும் என்று ஒரு நொடியில் சொல்கிறவர்கள் நாம். ஒரு பெண்ணைக் காட்டி ஒருவர் சொல்கிறார்: "இவருடைய அம்மாவின் ஒரே மகன் என் அப்பா." அந்தப் பெண் அவருக்கு என்ன முறை? பின்னாலிருந்து வாங்க. என் அப்பா. அவர் அந்த அம்மாவின் மகன். இந்தப் பெண்ணுக்கும் அவர்தான் அம்மா. ஆகவே அப்பாவோடு பிறந்தவர், அத்தை. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தேர்வில் பெயருக்குப் பதிலாக எழுத்துகளைப் போட்டு, "இவர் அவருடைய பிள்ளை ஆவார்" என்று மரியாதையாக முடிப்பார்கள். 'வந்தான்', 'வந்தாள்' என்றால் ஆண் பெண் தெரியும். 'ஆவார்' என்றால் தெரியாது. சொல்லாததை நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது, கேள்விக்குறி போட்டு வைக்கணும்.

திசைக் கணக்குக்கு நம்ம ரயில் ஜங்ஷனே போதும். வடக்கே விழுப்புரம் லைன், தெற்கே திருச்சி லைன், கிழக்கே நெய்வேலி வழியாகக் கடலூர் லைன், மேற்கே சின்னசேலம் வழியாகச் சேலம் லைன். விழுப்புரத்தைப் பார்த்து நின்றால் வலது கை கடலூர், இடது கை சேலம், முதுகுப் பக்கம் திருச்சி. ஒருத்தி வீட்டிலிருந்து சேலம் பக்கமாக, அதாவது மேற்கே 3 கி.மீ. போகிறாள். வலது பக்கம் திரும்பி 8 கி.மீ., மறுபடி வலது திரும்பி 3 கி.மீ., மறுபடி வலது திரும்பி 4 கி.மீ. மேற்கே போன 3 கிழக்கே வந்த 3இல் கழிந்துவிட்டது. வடக்கே 8, தெற்கே 4, மிச்சம் வடக்கே 4. அவள் வீட்டுக்கு வடக்கே 4 கி.மீ. தூரத்தில் நிற்கிறாள். ஆனால் கேள்வி "அவள் நிற்கும் இடத்திலிருந்து வீடு எந்தத் திசையில்?" என்று இருந்தால் விடை தெற்கு. கணக்கு சரியாகப் போட்டும் மதிப்பெண் போவது இந்தக் கடைசி வரியில்தான்.

எழுத்தை மாற்றி எழுதும் குறியீட்டுக் கேள்வி, பெரிது சிறிது அடையாளம் இவையெல்லாம் பத்து நாள் பழகினால் வந்துவிடும். அதற்கு இங்கே இடம் வேண்டாம்.

இன்னொரு வகையைத்தான் நிதானமாகச் சொல்லணும். கூற்றும் முடிவும். "எல்லா அகலும் பீங்கான். சில பீங்கான்கள் சிவப்பு." ஆகவே சில அகல்கள் சிவப்பு என்று முடிவு செய்யலாமா? ஆமாம் என்று வாய் சொல்லும். ஆனால் முடியாது. சிவப்பாக இருப்பவை முழுக்க ஜாடிகளாகவே இருக்கலாம். ஒரு பெரிய வட்டம் பீங்கான், அதற்குள்ளே ஒரு சின்ன வட்டம் அகல் என்று வரைந்து பாருங்கள். சிவப்பு வட்டம் பெரிய வட்டத்தைத் தொட்டால் போதும், உள் வட்டத்தைத் தொடவேண்டிய கட்டாயம் இல்லை. கட்டாயம் இருந்தால்தான் முடிவு சரி. இருக்கலாம் என்பது போதாது.

இப்போது அகலை எடுத்துவிட்டு நம்மைப் போடுங்கள். "உங்கள் குழு கடன் வாங்கிய குழு. கடன் வாங்கிய குழுக்களில் சில தவணை கட்டவில்லை. ஆகவே உங்கள் குழுவையும் யோசித்துத்தான் பார்க்கணும்." கடன் கேட்டுப் போன இடத்தில் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பிய குழுக்கள் இருக்கின்றன. அதே அகல் கணக்குத்தான், அதே தப்பு. அன்றைக்கு அந்தப் பேச்சில் எங்கே ஓட்டை என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை, பாஸ் புக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நம் வீட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தால், நம் குழுவின் லெட்ஜரைத் திறந்து பார்த்துவிட்டுத்தானே பேசுவாள்? இவர்கள் எழுதணும் என்று நாங்கள் இவ்வளவு சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வயது விஷயத்தைத் தள்ளிப்போட முடியாது. கிராம வங்கி அலுவலக உதவியாளருக்கு 18 முதல் 28 வரை, மற்ற வங்கிகளின் கிளார்க் வேலைக்கு 20 முதல் 28 வரை. ஓ.பி.சி.க்கு 3 வருஷமும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருஷமும் சலுகை உண்டு. நம்மில் பலருக்குத் தெரியாத சலுகை இன்னொன்று இருக்கிறது. கணவரை இழந்தவர்கள், விவாகரத்து பெற்றவர்கள், சட்டப்படி பிரிந்து வாழ்பவர்கள் மறுமணம் செய்யாதிருந்தால், கிராம வங்கியின் இந்த வேலைக்குப் பொதுப்பிரிவில் 35 வயது வரை, ஓ.பி.சி. 38 வரை, எஸ்.சி., எஸ்.டி. 40 வரை எழுதலாம். கிளார்க் தேர்விலும் அவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. முப்பது தாண்டிவிட்டது, இனி என்ன என்று பட்டத்தை மறந்துவிட்ட சகோதரி உங்கள் குழுவில் இருந்தால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். அந்தந்த ஆண்டு அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

பி.சி., எம்.பி.சி. சகோதரிகள் மாநிலச் சாதிச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. மத்திய அரசு வேலைக்கான படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்கணும். இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள், கடைசி வாரத்தில் அலைய வேண்டாம். விண்ணப்பக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் 850 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத் திறனாளிகளுக்கு 175 ரூபாய். விண்ணப்பத்தில் தேர்வு மொழி கேட்கும் இடத்தில் தமிழ் என்று குறிக்க மறக்க வேண்டாம்.

பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் கட்டணும் என்பதும் கட்டாயம் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு உண்டு. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்திலும் வங்கித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி கொடுக்கிறார்கள். நூலகத்தில் பழைய வினாத்தாள் புத்தகங்கள் கிடைக்கும். தேர்வு கம்ப்யூட்டரில்தான் நடக்கும் என்பதால் மவுஸ் பிடித்துப் பழகணும், கேள்வியைத் திரையில் படித்துத் தாளில் போட்டுப் பார்க்கவும் பழகணும். புத்தகம், கட்டணம், போக்குவரத்துச் செலவுக்குச் சிறிய உள்கடன் கேட்டால், குழுக்கள் அதைக் கல்விக் கடனாகவே தீர்மானம் போட்டுக் கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. கறவை மாட்டுக்குக் கொடுக்கிறோம், இதற்குக் கொடுக்க என்ன?

கொடுக்கக் கூடாத பணமும் ஒன்று இருக்கிறது. "மேலிடத்தில் ஆள் இருக்கு, இன்டர்வியூவில் சொல்லி வைக்கிறேன், ரெண்டு லட்சம் கொடுங்க" என்று யாராவது வருவார்கள். கூற்று ஒன்று: அலுவலக உதவியாளர், கிளார்க் வேலைகளுக்கு இன்டர்வியூவே இல்லை. கூற்று இரண்டு: இவர் இன்டர்வியூவில் சொல்லி வைக்கிறாராம். முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வரும் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதைப் போட்டுப் பாருங்கள். வள்ளி, பார்வதி, இந்திரா, சாந்தி நால்வரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மாதம் ஒருவராக உள்கடன் வாங்கினார்கள். கறவை மாடு, தையல் மெஷின், முந்திரி வியாபாரம், பொம்மை அச்சு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். தையல் மெஷினுக்கு வாங்கியவர் மார்ச்சில் வாங்கினார். வள்ளிக்கு அடுத்த மாதமே இந்திரா வாங்கினார். கறவை மாட்டுக்கு வாங்கிய பார்வதி முதலாவதும் இல்லை, கடைசியும் இல்லை. இந்திரா முந்திரிக்கு வாங்கவில்லை. முந்திரி வியாபாரத்துக்கு வாங்கியது யார், எந்த மாதம்?

விடை: சாந்தி, ஜனவரி. வேறு பெயர் வந்தவர்கள் மார்ச்சிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.